சோளகம் வீசும் வளவிலே ஒரு தோட்டம்



வன்னியில் வீட்டுத் தோட்டம் செய்யும் பெண்களில் யாரைக் கேட்டாலும் ஒரே முறைப்பாடுதான். "மாரியில் எதைப் போட்டாலும் முளைக்கிறது. சோளகம் வீசத் தொடங்கினால் எல்லாம் கருகிப் போகிறது." வவுனியா சாளம்பைக்குளம், முல்லைத்தீவு நீராவிப்பிட்டி, கிளிநொச்சிப் பக்கம் நாச்சிக்குடா என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்தக் கவலை உண்டு. வெயில், வறட்சி, காற்று என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்து வரும் மாதங்களில் செடி கொடிகளைக் காப்பாற்றுவது எப்படி என்பதே இந்த மாதப் பேச்சு.

இது வெறும் பொழுதுபோக்குக்கான பேச்சல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தங்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்தில் இருபது வருடம் அகதிகளாக வாழ்ந்துவிட்டு 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களுக்குப் பல இடங்களில் மிஞ்சியிருந்தது பாழ்பட்ட கிணறும் பற்றைக் காடும்தான். மாமரமில்லை, முருங்கையில்லை, நிழலென்று சொல்ல ஒன்றுமில்லை. அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களும் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டு ஓடி, மறுபடி வந்து ஒன்றிலிருந்து தொடங்கியவர்களே. மரம் இல்லாத வளவில் வீடு மட்டும் இருந்தால் அது குடியிருப்பாகாது. நட்ட மரம் காய்த்தால்தான் மனம் அந்த மண்ணில் ஊன்றும்.

பொருளாதாரக் காரணமும் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை நீங்கினாலும், 2022இல் விலைவாசி ஏறியபோது கைகொடுத்தது எது? வளவில் நின்ற முருங்கையும் கீரையும் பப்பாசியும்தானே! அந்த அனுபவத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

மழை குறைவா, கணக்குக் குறைவா?

வன்னி வறண்ட பூமி என்கிறோம். ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை இங்கே பெய்கிறது. எப்போதும் மழை என்று பெயரெடுத்த லண்டன் நகரத்துக்குக் கிடைப்பது சுமார் 600 மில்லிமீற்றர்தான்! அப்படியானால் நமக்கு ஏன் இந்தத் தவிப்பு? நமக்கு வரும் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் சில மழை. அதன்பின் மே முதல் செப்டெம்பர் வரை வானம் பார்த்த பூமிதான். அந்த மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து சோளகம் அனலாக வீசுகிறது.

சோளக காலத்தில் திறந்த வெளியில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் உயரமான தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் அது ஒரு லீற்றர். ஆகவே பத்துச் சதுர மீற்றர் அளவுள்ள ஒரு சிறு கீரைத் தோட்டம் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது லீற்றர் தண்ணீரைக் கேட்கும். பத்து லீற்றர் வாளியால் ஐந்தாறு வாளி! ஜூலை, ஓகஸ்டில் கிணறு வற்றிக் கொண்டு போகையில் இதை எங்கே தேடுவது?

வழி இரண்டு. ஒன்று, போகிற தண்ணீரைக் குறைப்பது. மற்றது, வீணாகிற தண்ணீரைப் பிடிப்பது. முதலாவதிலிருந்து தொடங்குவோம்.

காற்றை முதலில் தடுங்கள்

வெயிலைவிடக் காற்றே பெரிய எதிரி. ஈரப் புடவையைக் கொடியில் போட்டுப் பாருங்கள். வெயிலிருந்தாலும் காற்றில்லாத நாளில் மெதுவாகக் காய்கிறது. சோளகத்தில் சற்று நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடுகிறது. இலையும் அப்படித்தான். வேர் கொடுக்கும் தண்ணீரைவிட இலை இழக்கும் தண்ணீர் கூடும்போது செடி வாடுகிறது, பூ உதிர்கிறது, பிஞ்சு கொட்டுகிறது.

சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால் வளவின் மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் மறைப்புத் தேவை. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காற்றை முழுதாக மறிக்கும் மதிலோ தகரமோ நல்ல மறைப்பல்ல. மறிக்கப்பட்ட காற்று மேலே எழும்பி, மறுபக்கத்தில் சுழன்று விழுந்து செடிகளை அடிக்கும். தகரம் சூடேறி அருகிலுள்ள செடியைப் பொசுக்கவும் செய்யும். காற்றில் பாதியளவை உள்ளே விட்டு அதன் வேகத்தை உடைக்கும் வேலியே சிறந்தது. நம் முன்னோர் போட்ட ஓலை வேலியும் பனை மட்டை வரிச்சு வேலியும் அந்த வேலையைத்தான் செய்தன. அப்படிப்பட்ட மறைப்பு தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆறடி வேலியென்றால் ஏறக்குறைய அறுபதடி தூரம். வேலியை அண்டிய முப்பதடிக்குள் பாதுகாப்பு இன்னும் அதிகம்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் உயிர் வேலி போடுங்கள். பூவரசு, கிளிரிசீடியா எனப்படும் சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றில் மணிக்கட்டுப் பருமனான தடியை ஐந்தடி, ஆறடி நீளத்துக்கு வெட்டி, ஐப்பசி மழை விழுந்ததும் ஓரடி ஆழத்துக்குக் கதியாலாக நட்டுவிடலாம். அடுத்த சோளகத்துக்குள் ஓரளவு தழைத்துவிடும். இதனால் இரட்டிப்பு நன்மை. வெட்டுகிற குழையை மரத்தடியில் போட்டால் அதுவே பசளை. கிளிரிசீடியாக் குழையில் தழைச்சத்து நிறைய உண்டு.

கதியால் வளரும் வரை என்ன செய்வது? சிறு கன்றுகளின் தென்மேற்குப் பக்கத்தில் தென்னோலைத் துண்டையோ பனையோலையையோ சாய்வாகக் குத்தி வையுங்கள். மேற்கிலிருந்து வரும் பிற்பகல் வெயிலையும் அதே ஓலை ஓரளவு தடுக்கும். செலவு ஒரு சதமும் இல்லை.

மண்ணை வெறுமனே விடாதீர்கள்

முற்றத்தைக் கூட்டிச் சருகைக் குவித்து நெருப்பு வைப்பது நம் பெண்களுக்குக் காலை வேலை. வாசலைக் கூட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சருகை எரிக்காதீர்கள். அது மரத்துக்குப் போர்வை.

வெறும் மண்ணில் வெயில் படும்போது மேல் மண் கை வைக்க முடியாதபடி சுடும். மேலோடு ஓடும் சிறு வேர்கள் அதில் வெந்துபோகும். மூன்று விரற்கடை கனத்துக்குச் சருகோ வைக்கோலோ குழையோ பரப்பிவிட்டால் மண் குளிர்ந்திருக்கும், ஈரமும் நிற்கும். களையும் குறையும். மண்புழு அந்தச் சருகைத் தின்று மண்ணாக்கித் தரும். நெல் விளையும் வன்னியில் வைக்கோலுக்கும் உமிக்கும் பஞ்சமில்லை. உமி காற்றில் பறக்குமென்பதால் அதன் மேல் ஓலையைப் போட்டு ஒரு கல்லை வையுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூடிவிட வேண்டும். மாரி முடியும் ஜனவரி, பெப்ரவரி அதற்கு ஏற்ற காலம். காய்ந்து வெடித்த மண்ணை மூடுவதில் பயன் குறைவு. இரண்டாவது, தண்டோடு ஒட்டப் போடாதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் கறையான் தண்டில் ஏறும். மூன்றாவது, சருகுக்கு அடியில் பூரான், பாம்பு இருக்கலாம். கையால் கிளறாமல் தடியால் தட்டிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தென்னைக்குப் பொச்சு மட்டையைப் போல் ஒன்றில்லை. மரத்திலிருந்து ஐந்தாறடி தள்ளிக் குழி வெட்டி, மட்டையின் உட்குழிவு மேலே பார்க்கும்படி அடுக்கடுக்காக வைத்து மண்ணால் மூடுங்கள். மாரித் தண்ணீரை அது பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையில் வேருக்குக் கொடுக்கும். லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறை இது. மா, தோடை, எலுமிச்சைக்கும் இதையே செய்யலாம்.

தண்ணீர் ஊற்றுவதற்கும் ஒரு முறை உண்டு

"நான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனாலும் மரம் வாடுகிறதே" என்பவர்கள் பலர். காரணம் அந்தத் தினமும்தான்! ஒரு வாளி ஊற்றினால் மேல் மண் மட்டுமே நனைகிறது. வேரும் மேலேயே தங்கிவிடுகிறது. இரண்டு நாள் தவறினால் மரம் தாங்காது. மூன்று வயது மாங்கன்றுக்குத் தினம் ஐந்து லீற்றர் ஊற்றுவதைவிட, வாரம் ஒரு முறை நாற்பது லீற்றரை மெதுவாக இறங்கவிடுவது நல்லது. தண்ணீர் ஆழத்துக்குப் போகும், வேரும் அதைத் தேடிக் கீழே போகும்.

தண்டின் அடியில் ஊற்றாதீர்கள். கிளை விரிந்திருக்கும் எல்லைக்கு நேரே கீழே வட்டப் பாத்தி கட்டி ஊற்றுங்கள். உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் அதிகம். கீரை, நாற்று ஆகியவை வேறு. அவற்றின் வேர் மேலே இருப்பதால் காலை மாலை சிறிதளவு தெளித்தாக வேண்டும்.

நேரம்? ஸுபஹ் தொழுதபின், அல்லது அஸருக்குப் பிறகு. லுஹர் நேரத்து வெயிலில் தெளித்தால் பாதி வேருக்குப் போகாமல் காற்றோடு போய்விடும். பகலில் இலை தொங்குகிறதே என்று பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் வேரில் ஈரம் இருக்கிறதென்று பொருள். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை. சந்தேகமென்றால் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். விரல் பொய் சொல்லாது.

முட்டி தரும் தண்ணீர்

கிணற்றடியில் வாய் உடைந்த மண்முட்டி கிடந்தால் எறியாதீர்கள். கழுத்து மட்டும் மேலே தெரியும்படி மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவிடுங்கள். சுற்றிலும் ஒரு சாண் தூரத்தில் நாலு பூசணி, பாகல், கெக்கரி அல்லது கத்தரிக் கன்றை நடுங்கள். மண் காயும்போது முட்டியின் நுண்துளைகளால் தண்ணீர் கசியும். மண் ஈரமானதும் கசிவு தானே குறையும். செடிக்குத் தேவையான அளவை முட்டியே அளந்து கொடுக்கிறது! மேல் மண் காய்ந்தே இருப்பதால் களை முளைக்காது, ஆவியாகப் போவதும் மிகக் குறைவு. மூன்று நாலு நாளுக்கொரு முறை நிரப்பினால் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சீனாவின் விவசாய நூலொன்றில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. முட்டி சுட்ட மண்ணாக இருக்க வேண்டும், மெருகோ பெயின்றோ பூசியதாக இருக்கக் கூடாது. அடியில் ஓட்டை இருந்தால் சீமெந்தால் அடையுங்கள். உவர்த் தண்ணீர் ஊற்றினால் துளைகள் உப்பால் அடைபடும். அப்படியானால் முட்டியை எடுத்து ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி மறுபடி புதைக்கலாம்.

வுழூத் தண்ணீர் எங்கே போகிறது?

வீணாகும் தண்ணீரைப் பிடிப்பது பற்றி இப்போது பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஐந்து வேளையும் வுழூச் செய்கிறார்கள். ஒருவர் ஒரு வேளைக்கு இரண்டு லீற்றர்தான் எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு ஐம்பது லீற்றர் ஆகிறது. மேலே சொன்ன கீரைத் தோட்டத்துக்கு வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ இவ்வளவுதானே! சவர்க்காரம் படாத சுத்தமான தண்ணீர், அதுவும் நாள் முழுவதும் சிறிது சிறிதாக வருகிறது.

வுழூச் செய்யும் இடத்தைத் தோட்டப் பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். கீழே சிறு சீமெந்துச் சரிவும் அதிலிருந்து ஒரு வாய்க்காலும் இருந்தால் போதும். வாளி தூக்கும் வேலையும் மிச்சம். பள்ளிவாசல் நிர்வாகத்திலுள்ள உங்கள் வீட்டு ஆண்களிடமும் சொல்லுங்கள். ஹவுழுத் தண்ணீர் ஓடும் பக்கத்தில் பத்துத் தென்னையும் வாழையும் வைத்தால் ஊருக்கே நிழலாகும்.

அரிசி களைந்த தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கு நல்லவை. மீன் கழுவியதை மண்ணில் ஊற்றி மேலே மண் தள்ளிவிடுங்கள், பூனை கிளறாது. உடுப்புத் தோய்த்த முதல் தண்ணீரைக் கீரைக்கு விட வேண்டாம். சலவைத் தூளிலுள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும். கடைசியாக அலசிய தண்ணீரை வாழைக்கு விடலாம். கிணற்றடியில் வாழை வைப்பது இதற்காகத்தான்.

கூரை மழையையும் மறக்க வேண்டாம். போருக்குப் பின் இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி. அந்தக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 1,250 லீற்றர். ஒரே மழையில் ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிரம்பிவிடும்! பீலி போட்டுப் பிடியுங்கள். நுளம்பு புகாதபடி வலையால் மூடுங்கள், டெங்கு வந்தால் தோட்டத்தால் என்ன பயன்? தாங்கி நிரம்பிய பின் வழியும் தண்ணீரை வீதிக்கு விடாமல் மரத்தடிக் குழிக்குத் திருப்புங்கள். நிலத்துக்குள் இறங்கும் ஒவ்வொரு வாளியும் கிணற்றுக்கும் உதவும்.

எதை நடுவது?

கோடையை வெல்லும் மரம் முதலில் முருங்கை. அதன் பிறகு மாதுளை, எலுமிச்சை, கறிவேப்பிலை, அகத்தி, வேம்பு. மாவில் கறுத்தக்கொழும்பான், அம்பலவி, வில்லாட் ஆகியவை வடக்கின் வெயிலுக்குப் பழகியவை. எந்த மரத்தையும் முதல் மழையோடு, அதாவது ஒக்டோபரில் நட்டுவிடுங்கள். அப்போது நட்ட கன்று சோளகம் வருமுன் ஏழு மாதம் வேர் விடும். பெப்ரவரியில் நட்டால் பாதி நாளும் அதைக் காப்பாற்றுவதிலேயே போகும்.

மாதுளைக்கு ஒரு குறிப்பு. பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் கொடுத்தால் பழம் வெடிக்கும். அளவாக, ஒழுங்காகக் கொடுங்கள்.

மரக்கறியில் கத்தரி, வெண்டி, பயிற்றை, கௌபி, பூசணி ஆகியவை சூட்டைத் தாங்கும். மாரியில் காய்த்து ஓய்ந்த கத்தரியைப் பிடுங்காமல் ஓரடி உயரத்தில் வெட்டி, எரு போட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். தக்காளி வேறு ரகம். பகலில் 32 பாகைக்கு மேல் சூடேறி இரவும் வெக்கையாக இருந்தால் பூ உதிர்ந்துவிடும். டிசெம்பர் முதல் பெப்ரவரிக்குள் பூக்கும்படி அதை முந்தியே நட வேண்டும்.

முல்லைத்தீவுக் கரையோரத்திலும் பூநகரிப் பக்கத்திலும் சில கிணறுகள் உவர். அங்கே போஞ்சி, மிளகாய், வெங்காயம் ஆகியவை சிரமப்படும். தென்னை, பீற்றூட், மாதுளை ஓரளவு தாங்கும். சாடிகளின் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்தால், மாரியில் மழைத் தண்ணீர் நன்றாக ஊறி வடியும்படி வெளியில் வையுங்கள். உப்புக் கழுவிப்போகும்.

மருதோன்றியை மறக்கலாமா?

நம் வீடுகளில் பெருநாளும் கலியாணமும் வந்தால் தேடுவது மருதோன்றியை. சுருள் வடிவப் பைகளில் கடையில் விற்கும் சில கலவைகளில் இரசாயன நிறம் சேர்க்கப்படுகிறது. கறுப்பாகச் சிவக்குமென்று போட்டுக் கை கொப்பளித்துத் துன்பப்படும் பிள்ளைகள் உண்டு. வளவில் ஒரு செடி இருந்தால் அந்தப் பயமில்லை. மருதோன்றி வெயிலையும் வறட்சியையும் விரும்பும் செடி. இந்தியாவில் பேர்பெற்ற மருதோன்றி விளைவது வறண்ட ராஜஸ்தானின் சோஜத் பகுதியில்தான். பென்சில் பருமனான தடியை மாரியில் நட்டால் பிடிக்கும். ஓரடிக்கு ஒன்றாக வரிசையில் நட்டு வெட்டிவிட்டால் நெருக்கமான வேலியாகும். காற்றுக்கும் மறைப்பு, கைக்கும் அழகு!

பூவுக்குச் செவ்வரத்தை, நித்தியகல்யாணி, காகிதப்பூ, மல்லிகை போதும். அலரியும் வறட்சியைத் தாங்கும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளும் ஆடும் உள்ள வீட்டுக்கு வேண்டாம். பூச்சாடிகளைத் தனித்தனியே வெயிலில் நிறுத்தாமல், மேற்கு வெயில் படாத சுவரோரம் ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றதுக்கு. கறுப்புப் பிளாஸ்டிக் சாடி சூட்டை உறிஞ்சி வேரை வேகவைக்கும். அதைப் பாதியளவு மண்ணில் புதைத்து வைப்பது நல்லது.

பாலைவனம் கற்றுத் தரும் பாடம்

உங்கள் கணவரோ சகோதரரோ வளைகுடா நாட்டில் இருந்தால் அங்குள்ள பேரீச்சந் தோட்டங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சவூதி அரேபியாவின் அல்அஹ்ஸாப் பாலைவனச் சோலையை யுனெஸ்கோ 2018இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. ஓமானில் நிலத்தடி ஊற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவரும் பலஜ் வாய்க்கால்களுக்கு அந்தச் சிறப்பு 2006இல் கிடைத்தது. அத்தகைய சோலைகளில் மூன்று தட்டாகப் பயிர் செய்வார்கள். உச்சியில் பேரீச்சை. அதன் நிழலில் மாதுளை, எலுமிச்சை. அவற்றின் நிழலில் கீரை, மரக்கறி. ஒரே தண்ணீர் மூன்று பயிருக்கு உதவுகிறது. மேலே உள்ளது கீழே உள்ளதைச் சுடாமல் காக்கிறது.

நம் வளவிலும் இதைச் செய்யலாம். உச்சியில் தென்னை அல்லது முருங்கை. நடுவில் எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை. அடியில் பசளி, பொன்னாங்காணி, ரம்பை. நிழல் அடர்ந்துவிடாமல் மாரியில் கிளையைக் கழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

எருவும் பூச்சியும்

கோடையில் நிறையப் பசளை போடாதீர்கள். ஈரமில்லாத மண்ணில் பசளை வேரைச் சுடும். நன்றாக மக்கிய மாட்டெருவோ ஆட்டெருவோ மாரித் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். மக்கிய எரு மண்ணின் ஈரம் பிடிக்கும் சக்தியையும் கூட்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்கும் வீடுகளில் இரைப்பைக் கழிவு நிறைய மிஞ்சும். அதைத் தெருவோரத்தில் வீசினால் நாற்றமும் நாய்த் தொல்லையும்தான். கிணற்றுக்குத் தூரமாக மூன்றடிக் குழியில் இட்டு, சருகும் மண்ணும் போட்டு மூடி, மேலே கல் வையுங்கள். சில மாதம் சென்று அதன் மேல் வாழையோ தென்னையோ நட்டால் வளர்ச்சியைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள்.

வறட்சியில் மிளகாய் இலை சுருண்டால் உற்றுப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. இரண்டும் காய்ந்த, தூசு படிந்த இலையை விரும்புபவை. காலையில் இலையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீரைப் பீச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் வேம்பின் சக்தி கெடும் என்பதால்தான் மாலை நேரம்.

தண்ணீர் போதாதபோது

சோளகம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். கிணற்றில் இருப்பது குடிக்கவும் சமைக்கவும் போக மிச்சம் கொஞ்சம்தான். எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்து எல்லாவற்றுக்கும் பாதிப் பாதி ஊற்றினால் எல்லாமே போகும். ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று வயதுக்குட்பட்ட மரக்கன்றுகள். அவை செத்தால் மூன்று வருட உழைப்பு சாகும். அடுத்தது எலுமிச்சை, கறிவேப்பிலை. பிறகு அடுப்படிக்கு வேண்டிய ஒரே ஒரு கீரைப் பாத்தி. மற்றப் பாத்திகளைச் சருகால் மூடி ஓயவிடுங்கள். வளர்ந்த முருங்கையும் வேம்பும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். ஒரு மரக்கறிச் செடி போனால் அடுத்த மாரியில் விதை இருக்கிறது. மரம் அப்படியல்ல.

ஆண்டு வேலை, சுருக்கமாக

ஓகஸ்ட், செப்டெம்பர்: மரக் குழி வெட்டி எருவிட்டு ஆறவிடுங்கள். கூரைப் பீலியைத் துப்பரவாக்குங்கள். கத்தரி, மிளகாய் நாற்றுமேடை போடுங்கள்.

ஒக்டோபர்: முதல் மழையோடு மரமும் கதியாலும் நடுங்கள்.

நவம்பர், டிசெம்பர்: வெள்ளம் நில்லாதபடி பாத்தியை உயர்த்துங்கள். பப்பாசி, வாழைக்கு முட்டுக் கொடுங்கள். 2020 டிசெம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவிப் புயல் நினைவிருக்கட்டும்.

ஜனவரி, பெப்ரவரி: ஈரம் காயுமுன் சருகு மூடுங்கள்.

மார்ச், ஏப்ரல்: சித்திரை மழையைக் குழிகளில் பிடியுங்கள். முட்டிகளைப் புதையுங்கள்.

மே: மேற்கு, தெற்கு வேலிகளைச் செப்பனிடுங்கள். கத்தரியை வெட்டிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை: புதிதாக ஒன்றும் நட வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

விதைக்கும் ஆலோசனைக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்களுக்கான சேவை.

சகோதரிகளே, இந்த மாதம் ஒன்றே ஒன்றைச் செய்து பாருங்கள். வுழூச் செய்யும் தண்ணீர் எங்கே போகிறதென்று பார்த்து, அது போகும் வழியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நடுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளில் ஒருவருக்கு அதைப் பொறுப்புக் கொடுங்கள். தான் வளர்த்த மரத்திலிருந்து இலை பறித்து உம்மாவின் கறிக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு இந்த மண் தன்னுடையதென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் நாற்றுமேடை பற்றிப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.